ஒரு சொல், இரண்டு பத்திரங்கள்: வடசென்னையும் சிறைக்கு மாற்றான வழிகளும்

ராயபுரத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் முகவரி பழைய ஜெயில் ரோடு. அந்தப் பெயருக்குக் காரணமான ஜெயில் இன்று இல்லை. அது இருந்த இடத்தில் 1964 முதல் பாரதி பெண்கள் கல்லூரி நடக்கிறது. தெற்கே பூங்கா நகரில், 1837-ல் கட்டிய மத்தியச் சிறை 2006 வரை இயங்கி, 2009-ல் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடம் நிற்கிறது. சிறை இருந்த இடங்களில் கல்லூரிகள் எழுந்ததற்காக இந்த நகரம் பெருமைப்படலாம்.

ஆனால் சிறை எங்கும் போய்விடவில்லை. இன்னும் வடக்கே தள்ளி, புழல் ஏரிக்கு அருகில் பெரிய வளாகமாக விரிந்தது. தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என அங்கே தனித்தனிச் சிறைகள் உள்ளன. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே 'மனு பார்க்க'ப் போகிறார்கள். மகனைச் சிறைக் கம்பிக்கு அப்பால் சில நிமிடம் பார்ப்பதற்கு இங்கே வழங்கும் பெயர் அது.

அந்த மகன்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அங்கே இருந்தாக வேண்டியவர்கள்? சிறைக்கு வெளியிலேயே, சொந்தத் தெருவிலேயே, கண்காணிப்போடும் உதவியோடும் ஒருவரைத் திருத்த நம் சட்டத்தில் இடமில்லையா? இடம் இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அது ஏன் வடசென்னையின் வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நன்னடத்தை என்னும் சொல்

நம் சட்டத் தமிழில் 'நன்னடத்தை' என்ற சொல்லோடு இரண்டு பத்திரங்கள் உண்டு. இரண்டும் இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை.

முதலாவது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் தருவது. குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகும், அது மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், நீதிபதி ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டு வரையிலான நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்கலாம். 21 வயது நிரம்பாதவராக இருந்தால் சட்டம் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்காமலும், காரணத்தை எழுத்தில் பதியாமலும் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. விடுவிக்கப்பட்டவரை மேற்பார்ப்பது, தேவையானால் வேலை தேடித் தர முயல்வது, பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைச் செலுத்தத் துணைநிற்பது ஆகியவையெல்லாம் அந்த அலுவலரின் கடமைகள். இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது.

இரண்டாவது பத்திரம் குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையிலான பிரிவுகளிலிருந்து வருவது. இன்று அவை பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 126 முதல் 129 வரையிலான பிரிவுகள். இங்கே குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. அமைதியைக் குலைப்பார், வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று காவல்துறை கருதினால் நிர்வாக நடுவர் முன் நிறுத்தலாம், அவர் விசாரித்து 'ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதி வாங்கலாம். மீறினார் என்று முடிவானால், பத்திரக் காலத்தில் மிச்சமுள்ள நாட்களுக்குச் சிறை. வடசென்னையில் இதைச் சட்டப் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. "ஒன் டென் போட்டுட்டாங்க" என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

சென்னையில் நெடுங்காலம் இந்த நிர்வாக நடுவரின் நாற்காலியில் காவல் துணை ஆணையர்களே அமர்ந்திருந்தார்கள். 2013, 2014 ஆண்டுகளின் அரசாணைகள் அந்த அதிகாரத்தை அவர்களுக்குத் தந்திருந்தன. பிடிப்பவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே துறையினர். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அதிகாரப் பிரிவினைக்கு முரணானது என்று அந்த ஆணைகளை ரத்து செய்தது. அதிகாரம் கைமாறியது, பிரிவுகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1958 சட்டத்தின் பத்திரத்தை ஒருவர் முதல் முறை மீறினால், நீதிமன்றம் 50 ரூபாய் வரை அபராதம் போட்டுவிட்டு, பத்திரத்தைத் தொடர விடலாம். மனிதன் தடுமாறுவான் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. மற்றதோ முதல் தடுமாற்றத்திலேயே சிறைக் கதவைத் திறக்கிறது. முதல் பத்திரத்தோடு ஓர் அலுவலர் கூடவே வருகிறார். இரண்டாவதோடு வருவது ஒரு பதிவேடு மட்டுமே. தமிழில் வசைச் சொல்லாகப் புழங்கும் 'கேடி'யே ஆங்கிலேயர் காலப் போலீஸ் பதிவேட்டின் சுருக்கெழுத்திலிருந்து வந்ததுதான்.

என் வாதம் இதுதான்: வடசென்னை இளைஞர்கள் சந்திக்கும் நன்னடத்தை பெரும்பாலும் இரண்டாவது வகை. அவர்களுக்குச் சேர வேண்டியது முதல் வகை.

யாருக்கு ஜாமீன் கிடைக்கிறது

தண்டனைக்கு முந்தைய கட்டத்திலேயே பெரும்பாலானவர்களின் சிறைவாசம் நடந்து முடிந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள்.

இவர்களில் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. ஆள் ஜாமீன் இரண்டு வேண்டும், அவர்களுக்கு வீட்டு வரி ரசீது வேண்டும், சொத்து வேண்டும் என்று கேட்கும்போது கதவு மூடிக்கொள்கிறது. வடசென்னைக் கடற்கரையில் யாரிடம் பட்டா இருக்கிறது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், மெரினாவில் மணல் சேர்ந்தது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. 2004 சுனாமிக்குப் பின் பல குடும்பங்கள் எர்ணாவூர் போன்ற இடங்களில் கட்டிய குடியிருப்புகளுக்குப் போயின. வாரிய வீட்டில் இருப்பவர், கடலோரப் புறம்போக்கில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர் என்று தெருவே இப்படி இருக்கும்போது, சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவது? அந்த வெற்றிடத்தில்தான் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் தொழில் வளர்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1978-ல் மோதிராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்ததையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மேலும் சில வழிகாட்டுதல்களைத் தந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லையென்றால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் தர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதுபற்றி யோசிக்கலாம். அதே ஆண்டில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஏழைக் கைதிகளுக்கான திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி விசாரணைக் கைதியின் பிணைக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் அரசே தரலாம் என்று அப்போது வகுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்தக் குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வகைசெய்யும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது.

வெளியே வந்தபின் 'கண்டிஷன்' தொடங்குகிறது. காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. காகிதத்தில் எளிய நிபந்தனைதான். காசிமேட்டு விசைப்படகில் போகிறவர் பல நாள் கழித்தே கரை திரும்புவார். கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவருக்குப் பத்தரை மணி என்பது ஷிப்டின் நடுப்பகுதி. கையெழுத்தா, கூலியா என்று ஒருவரைத் தள்ளினால், சில வாரங்களில் இரண்டில் ஒன்று தவறும். கூலி தவறினால் பசி, கையெழுத்து தவறினால் மறுபடி புழல். அவரவர் தொழிலின் நேரம் தெரிந்து நிபந்தனை விதிக்க, அதை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

செருப்புத் தைத்தவர் தொடங்கியது

அந்த ஒருவர் என்ற எண்ணத்திலிருந்துதான் நன்னடத்தை விடுப்பு முறையே பிறந்தது. 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒரு குடிகாரர் நின்றார். அங்கிருந்த ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, தானே அவருக்குப் பிணை நின்று அழைத்துப் போனார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் குடிக்காமல், வேலையோடு நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அகஸ்டஸ் தம் வாழ்நாளில் ஏறக்குறைய 2,000 பேருக்கு இப்படிப் பிணை நின்றார். நன்னடத்தை அலுவலர் என்ற பதவிக்கு மூலம் அவர்தான். பிணை என்ற சொல்லுக்குள் பிணைப்பும் இருக்கிறது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இந்த யோசனை சென்னைக்குத் தாமதமாக வரவில்லை. சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்த 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களிலேயே முதலாவது. அடுத்து 1936-ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டத்துக்கு அது இருபது ஆண்டுக்கும் மேல் மூத்தது. நீதிக்கட்சிக் காலத்திலேயே இப்படிச் சிந்தித்த மாகாணம் இது. இன்றும் தமிழ்நாட்டில் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் நன்னடத்தைப் பிரிவு இருக்கிறது, மாவட்டந்தோறும் அலுவலர்கள் இருக்கிறார்கள்.

இருந்தும் தடங்கல்கள் உண்டு. 1958 சட்டத்தின் நான்காவது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: குற்றவாளிக்கோ அவருடைய ஜாமீன்தாரருக்கோ நிலையான வசிப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும். கடல் அரித்த தெருவில், தினக்கூலியில் வாழ்பவரைப் பற்றி இதை யார் போய் விசாரித்துச் சொல்வது? வழக்கறிஞருக்கு நேரமில்லை. காவலர் சொன்னால் அது வேறு குரல். நன்னடத்தை அலுவலர் தெருவுக்குப் போய், தாயிடம் பேசி, முதலாளியிடம் பேசி, பள்ளி ஆசிரியரிடம் பேசி எழுதும் அறிக்கைதான் அந்த இடைவெளியை நிரப்பும். நீதிபதிகள் அறிக்கை கேட்பதும், வழக்கறிஞர்கள் அதை வேண்டி மனு செய்வதும் வழக்கமாகாதவரை, சட்டம் அலமாரியிலேயே இருக்கும்.

சமூக சேவை: எதைச் செய்யச் சொல்வது

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை முதன்முறையாகத் தண்டனைப் பட்டியலிலேயே சேர்த்தது. ஆறு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். வடசென்னைக்கு நெருக்கமானவை இரண்டு: முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்ட, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு ஒன்று; குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்தல் மற்றொன்று. பழைய இரும்பும் செம்புக் கம்பியும் பேட்டரியும் சுற்றிக் கிடக்கும் தொழிற்பேட்டைப் பகுதியில் முதல் வகை எத்தனை பேரைத் தொடும் என்று சொல்லத் தேவையில்லை.

சின்னத் திருட்டுக்குச் சுவர்களுக்குள் கொடுக்கும் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான். அங்கே வேலை செய்தவர்களே கைது செய்யப்பட்டார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு இந்த இல்லங்களை ஆராய நியமிக்கப்பட்டார். இத்தனைக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தை விடுப்பு ஆகியவற்றை முதலில் அடுக்கிவிட்டு, சிறப்பு இல்லத்தைக் கடைசியில்தான் வைக்கிறது. அந்த வரிசைக்கு நாம் மதிப்புக் கொடுத்திருந்தால் ஓர் உயிர் இருந்திருக்கலாம்.

சமூக சேவையை எப்படி நடத்துவது என்பதில் எச்சரிக்கை தேவை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம், பைக் பந்தயத்தில் சிக்கிய இளைஞருக்கு அரசு மருத்துவமனையில் சேவை செய்ய வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை விதித்தது பலராலும் பாராட்டப்பட்டது. வேகத்தின் விளைவை விபத்துப் பிரிவில் கண்ணால் காண்பது நல்ல பாடம். ஆனால் குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன் ஒருவரை உழைக்கச் சொல்வது, தீர்ப்புக்கு முன்பே தண்டிப்பதாகும். சமூக சேவை தீர்ப்புக்குப் பின், வரையறுத்த மணிநேரத்தோடு, மேற்பார்வையாளரோடு வர வேண்டும்.

எந்த வேலை என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கையாலும் மக்காலும் அதை அள்ளியதை நாடே பார்த்தது. நாளை இப்படி ஒன்று நடந்தால், சமூக சேவைத் தண்டனை பெற்றவர்களை அதில் இறக்கிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. ஆபத்தான வேலையும், ஒரு நிறுவனம் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையும் சமூக சேவை ஆகாது. கழிப்பறை கழுவுவதைத் தண்டனையாக விதிப்பதும் தவறு. அதையே தொழிலாகச் செய்யும் மக்களை அது இழிவு செய்கிறது. சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு எதிரானது என்று அறிவித்தபோது, பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அதன் முன் வந்தது. சிறைக்குள் ஒழிக்கச் சொன்னதைத் தெருவில் புதுப்பிக்கக் கூடாது. ஸ்டான்லிக்கு வரும் முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி தள்ளலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம். கேரம் பலகையிலும் குத்துச்சண்டை வளையத்திலும் பேர் வாங்கிய பகுதி இது. விளையாடத் தெரிந்தவர் காவல் சிறார் மன்றத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

மருந்தும் முன்மாதிரிகளும்

பல வழக்குகளின் அடியில் போதை இருக்கிறது. கஞ்சாவும், போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைகளும் இந்தப் பகுதியின் தாய்மார்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றம் நிரூபிக்கப்பட்ட அடிமையை, அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆவது பிரிவில் வழி வைத்திருக்கிறது. கடுமைக்குப் பெயர்போன சட்டத்துக்குள்ளேயே ஒரு மருத்துவமனைக் கதவு. 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. நீதிமன்றத்தையும் இந்த மையங்களையும் இணைக்கும் பாலமாக நன்னடத்தை அலுவலரே இருக்க முடியும். முதல் முறை குற்றத்தில் சிக்கிய இளைஞர்களுக்காகச் சென்னைக் காவல்துறை 'பறவை' திட்டத்தை நடத்தியது. காவல்துறைக்குள்ளும் இந்த எண்ணம் உண்டு என்பதற்கு அது அடையாளம்.

பிற நாடுகளும் நகரங்களும் வழிகாட்டுகின்றன. இலங்கை 1999-லேயே சமுதாயம் சார்ந்த சீர்திருத்தத்துக்கெனத் தனிச் சட்டமும், பிறகு தனித் திணைக்களமும் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 2010-ல் சமூக சேவை ஆணை, தினமும் வந்து தெரிவிக்கும் ஆணை, கட்டாய மனநலச் சிகிச்சை ஆணை ஆகியவற்றைத் தண்டனை முறையில் சேர்த்தது. ஜப்பானில் 40,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள் தங்கள் தெருவிலேயே இந்த மேற்பார்வையைச் செய்கிறார்கள். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'பிரயாஸ்' 1990 முதல் காவல் நிலையத்திலும் சிறையிலும் சமூகப் பணியாளர்களை அமர்த்திக் காட்டியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் கேட்பது

"என் செல்போனைப் பறித்தவனை வெளியே விடுவதா?" என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. அவரும் பெரும்பாலும் இதே தெருக்காரர், கடன் வாங்கி அந்தப் போனை வாங்கியவர். சிறைத் தண்டனை அவருக்குப் போனைத் திருப்பித் தருவதில்லை. நன்னடத்தைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு குற்றவாளியை இழப்பீடு கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, அதைச் செலுத்த அலுவலரையும் அந்தச் சட்டம் துணைக்கு வைக்கிறது. கொலையும் கூலிப்படையும் வேறு. அவற்றுக்கு இந்த வழிகளை யாரும் கேட்கவில்லை. முதல் தவற்றில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனைச் சிறையில் பழைய கைகளோடு சேர்த்து வைப்பது, இன்று பறிகொடுத்தவரையே நாளை மீண்டும் ஆபத்தில் நிறுத்துகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. வடசென்னையின் குற்றவியல் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றிலும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் நாள்தோறும் இருக்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டவர் வழக்குகளில் அவர் அறிக்கை தவறாமல் கேட்கப்பட வேண்டும். பட்டா இல்லாதவருக்கு மீனவர் பஞ்சாயத்தோ, தொழிற்சங்கமோ, வேலை தரும் உரிமையாளரோ சொல்லும் உறுதியை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெற்றெடுத்த வடசென்னைக்கு, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்பது புதிதல்ல. நன்னடத்தை விடுப்பு பெற்றவருக்குத் தகுதியிழப்பு இல்லை என்ற 12-ஆவது பிரிவை, வேலைக்கு முன் காவல்துறைச் சான்று கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் தெருவிலோ உறவிலோ ஓர் இளைஞர் முதல் முறையாக வழக்கில் சிக்கியிருந்தால், வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்தாகிவிட்டதா? 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கோரப்பட்டதா? இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தக் கட்டணமும் இல்லை. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.